தலைதட்டிய கப்

"மூணு கேக் திரும்பி வந்திருக்கு! கல்லு மாதிரி இருக்காம். அறுபது வருஷப் பேரை ஆறே நாள்ல கவுத்துட்டியேம்மா!"

பேக்கரிக்காரர் போட்ட சத்தத்தில் சமையற்கூடமே அதிர்ந்தது. அவர் மனைவி மணிக்கட்டு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு நாளும் மருமகள்தான் கேக்குக்கு மாவு கலந்தாள்.

"மாமா, நோட்டுல ஒரு கப் மாவுன்னா நூத்தியிருபது கிராம்னு இருக்கு. இந்தக் கப்புல தலைதட்டிப் போட்டா நூத்தியம்பது வருது. தராசைப் பாருங்க."

அவர் அந்தப் பீங்கான் கப்பை எடுத்து ஓங்கினார்.

"நோட்டு எங்கப்பா எழுதினது. கப்பு அவர் அளந்தது. அவரா தப்பு? உன் தராசைத் தூக்கிக் குப்பையில போடு!"

"தராசு சரியாத்தான் சொல்லுது."

கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்றாள் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள்.

"இது உங்கப்பாவோட கப்பு இல்ல. பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி, கேக் தீஞ்சிடுச்சுன்னு அவர் கப்பை என் மேல வீசிட்டு, கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனீங்க. சுவத்துல பட்டு சுக்குநூறாச்சு. நான் கூட்டி அள்ளிட்டு, அதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சேன். இது கொஞ்சம் பெரிசு. அன்னையிலேருந்து ஒரு விரல் குறைச்சுத்தான் மாவு போடுறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இதையும் வீசியிருப்பீங்க."

தன் கை இன்னும் கப்பை ஓங்கியபடியே இருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார்.