பதினோரு மணிக் கோடு

பதினொன்று ஐந்துக்கு மாமனார் மறுபடியும் திருடினார்.

மாப்பிள்ளை அலுவலகத்தில் இருந்தபடியே அதைப் பார்த்தார். ஃபோன் திரையில் வீட்டின் மின்செலவைக் காட்டும், அதுவரை பூனைபோலப் படுத்திருந்த சிவப்புக் கோடு, மேலதிகாரியைக் கண்ட காவலாளி மாதிரி விறைத்து எழுந்து நின்றது. ஏசி ஓடினால்தான் இந்த உயரம் வரும் என்று சோலார்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். சரியாக ஒரு மணிக்கு மறுபடி படுத்துக்கொள்ளும். இரண்டு வாரமாக, வேலை நாள் தவறாமல் இதே கதை. அந்த நேரத்தில் மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். வீட்டில் மாமனாரைத் தவிர ஈ காக்கை கிடையாது.

மூன்று மாதம் அலசி ஆராய்ந்து போட்ட சோலார் அது. எத்தனை பலகை, எந்தப் பக்கம் சாய்வு, எத்தனை வருட உத்தரவாதம்? கல்யாணத்துக்கு முன் மனைவியிடம்கூட அவர் இத்தனை கேள்வி கேட்டதில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரையும் கையோடு இழுத்துச் சேர்த்து, இரண்டு மொட்டை மாடியிலும் ஒரே நாளில் மாட்டியாயிற்று.

வீட்டுக்குப் போக மிஞ்சுகிற மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், கரண்ட் பில்லில் கழியும். திரையில் அதற்கு ஒரு பச்சை அம்பு. அந்த அம்பு தடிப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு இப்போதெல்லாம் பசியே எடுக்கும். ஆகவே, ஆறு மணிக்கு முன் ஏசி கூடாது என்று வீட்டில் சட்டம்.

சாயங்காலம் விசாரணை. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து தன் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்தார். அந்த வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் பகலில் அவர்கள் பூனைக்குப் பால் வைப்பது மாமனார்தான்.

"மாமா, பகல்ல ஏசி போட்டீங்களா?"

"நம்ம வீட்டு ரிமோட்டை நான் கையால தொட்டதில்ல மாப்ள."

"பின்ன, தானா ஓடுச்சா?"

"அதை என்னைக் கேட்டா?"

"மிஷின் பொய் சொல்லாது மாமா. மனுஷன்தான் சொல்லுவான்."

வாய் தவறி வந்ததல்ல. பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்தது. மாமனார் நாலு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கோடு எழவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. "பாத்தியா?" என்று மனைவியிடம் திரையை நீட்டினார்.

"எங்கப்பாவைத் திருடன்னு சொன்ன ஃபோன்தானே? இனிமே காபியும் அதையே போட்டுத் தரச் சொல்லுங்க."

காபி நின்றது. பேச்சும் நின்றது. நான்காம் நாள் மனசு சரியில்லாமல் லீவு போட்டு, மனைவி பள்ளிக்கூடம் போனபின் தன் சட்டையைத் தானே தேய்த்தார். பழக்கதோஷத்தில் கை ஃபோனுக்குப் போயிற்று. இஸ்திரிப் பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. கோடு படுத்தே கிடந்தது. ஏசியைப் போட்டார். தண்ணீர் மோட்டாரையும் போட்டார். ம்ஹூம், கோடு புரண்டுகூடப் படுக்கவில்லை.

சோலார்காரரைக் கூப்பிட்டார். ஏதோ ஒரு கூரைமேல் நின்று கத்திக்கொண்டிருந்த மனிதர், விவரம் கேட்டுச் சரிபார்த்ததும் குரலை இறக்கினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வீட்டு பாஸ்வேர்டையும் ஒரே தாள்ல எழுதி வெச்சிருந்தேன். உங்க ஃபோன்ல மாத்திப் போட்டுட்டேன் போல. நீங்க இத்தனை நாளா பாத்தது பக்கத்து வீட்டை சார்."

சட்டை கருகிய வாசனை வந்தது. அவருக்கு உறைக்கவில்லை. மாமனார் எழுபது வயது மனிதர். நாலே நாலு சட்டை. மிஷின் பொய் சொல்லாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன அதே வாயில் அன்று ஒரு கவளம் இறங்கவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் அவள் ஆட்டோவுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். மாமனார் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே, பனியனோடு, பாதியாக இளைத்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க." கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல அபாண்டமா பழி போட்டுட்டேன். அந்த ஆப்ல வந்தது நம்ம வீடே இல்ல. பக்கத்து வீட்ல ஓடின ஏசி."

மாமனார் திருதிருவென்று விழித்தார். மகளைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அங்க ஓடறதுகூடவா அதுல தெரியுது?"

"தப்பு என்னோடதுதான் மாமா. நீங்க வீட்டுக்கு வந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

மகள் தண்ணீர் எடுக்க உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, மாமனார் மெல்ல மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"நம்ம வீட்ல போட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னுதான் மாப்ள, அங்க போய்ப் போட்டுக்கிட்டேன்."