பதினெட்டு அங்குலம்

காலை ஐந்தரைக்குத் துளசிராமன் எழுந்தான். கொல்லைப்பக்கம் போனவன் வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். பல் துலக்கினான். மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், பழைய பெயிண்ட் டின்னில் நின்ற செடியை அளந்தான்.

பதினெட்டு அங்குலம். நேற்றும் அதுதான். நோட்டில் குறித்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றபடியே காப்பியைக் குடித்தான்.

அந்தக் கிழங்கை ஊன்றியவள் அவன் மனைவி ரத்னா. ரயில்வே ஸ்டிரைக் நடந்த வருஷம் சித்திரையில், ஆர்.கே.பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போனவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். என்ன செடி என்று கேட்டான். "வளந்தா தெரியும்" என்று சிரித்தாள். ஆனியில் முளை தலை காட்டியது. ஆடியில் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அவள் கண் மூடியபோது அவன் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை லாபில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தது அவள் அம்மா தாயாரம்மாள் மட்டும்தான்.

அதற்குப் பிறகு செடி நாளுக்கு ஓர் அங்குலம் ஏறியது. புரட்டாசியில் ஒரு பூ விட்டது. கருஞ்சிவப்பு நிறம், படமெடுத்த பாம்பின் வடிவம். அவன் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. லீவு நாளில் மெட்ராஸ் லைப்ரரிக்குப் போய்ப் புத்தகத்தில் தேடிப் பிடித்தான். கோப்ரா லில்லி. மலைக்காட்டுப் பூச்செடி. முழு வளர்ச்சி இரண்டடி.

இது ஒன்றரை அடியிலேயே நின்றுவிட்டது. காரியம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட மாமியார்தான் ஏதோ செய்கிறாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ரத்னா இருந்தவரை அவள் நடுவில் இருந்தாள். இப்போது தாயாரம்மாள் அடுப்பிடம் பேசினாள். அவன் சுவரிடம் பேசினான்.

"தெனம் மேலயே அளந்துக்கினு" என்றாள் அடுப்பைப் பார்த்து. "படிச்ச லட்சணம்."

"யாரோ வேர்ல சுடுதண்ணி ஊத்தறாங்க" என்றான் அவன் சுவரிடம். "இல்லன்னா இன்னும் ஆறு அங்குலம் வளந்திருக்கும்."

"ஆமா, செடிக்கும் நான்தான் எமன். பொண்டாட்டி சாவறப்போ கண்ணாடிக் குழா கழுவிக்கினு இருந்தவரு பேசறாரு."

அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான்.

"அவ கடைசியா இன்னா சொன்னான்னு கேட்டா மட்டும் இந்த அடுப்புக்கு வாய் அடைச்சிடுது."

"அதுக்கு வேளை வரணும்."

ஐந்து மாதமாக இதே பதில். கடைசி வார்த்தையில் தன்மேல் வசவுதான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வசவானாலும் அது அவளுடையது. அதைக்கூட இந்தக் கிழவி மடியில் கட்டி வைத்திருக்கிறாள்.

"வேளை வர்ற வரைக்கும் இங்கயே துன்னுக்கினு இருக்கறதா? ஆர்.கே.பேட்டைக்கு பஸ் ஓடிக்கினுதான் இருக்குது."

"தை பொறந்து ஒரு வேலை பாக்கி கீது. அது முடிஞ்சா, இருன்னு கால்ல வுழுந்தாலும் இருக்க மாட்டேன்."

அவன் சைக்கிள் சீட்டின் மேல் துண்டை நாலாக மடித்துப் போட்டான். பெடலில் எழும்பி நின்றபடியே மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

பொங்கல் முடிந்த நாலாம் நாள் காலையில், இலையெல்லாம் மஞ்சளாகி, செடி டின்னின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. அவன் அப்போதும் அளந்தான். ஒன்பது அங்குலம். நோட்டில் எழுதினான். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான்.

சாயங்காலம் திரும்பியபோது டின் கவிழ்ந்து கிடந்தது. கிணற்றடி முழுக்க மண். செடி குப்பைக்குழியில் கிடந்தது.

உள்ளே புளி கொதிக்கும் வாசனை. கதவோரம் தாயாரம்மாளின் துணி மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

"கொன்னுட்டே இல்ல?"

அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. மரியாதையும் போய்விட்டது.

"அவ வச்சிட்டுப் போனது அது ஒண்ணுதான். போற நாள் பார்த்துப் புடுங்கிட்டே. இப்பவே கெளம்பு. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே."

தாயாரம்மாள் தட்டில் சோற்றைப் போட்டு, அதன் மேல் ஒரு கரண்டி மசியலை வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள். அவளுடைய இரண்டு கைகளும் முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தன. முந்தானையால் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னா இது?"

"டின்னுல வெளஞ்சது. கருணைக்கெழங்கு."

"அது பூச்செடி. புஸ்தகத்துல பார்த்தேன்."

"புஸ்தகத்துல இருக்கறது ரெண்டடி. எங்க ஊர்ல இது இவ்ளோதான் வளரும்."

அவன் தட்டைப் பார்த்தான். "நான் கருணை துன்ன மாட்டேன்னு அவளுக்கே தெரியும். நாக்கு நமைக்கும்னு எத்தினி வாட்டி தள்ளி வச்சிருக்கேன்."

"தெரிஞ்சிதான் உங்ககிட்ட சொல்லல. என்னையும் சொல்லக்கூடாதுன்னா. முன்னாடியே சொல்லியிருந்தா புடுங்கி எறிஞ்சிருப்பீங்க."

தாயாரம்மாள் அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். மகள் சொன்னதை மகள் சொன்ன மாதிரியே சொன்னாள்.

"'அவருக்கு மூலம், வெக்கத்துல வெளிய சொல்ல மாட்டாரு. கெழங்கு முத்தினதும் புளி ஊத்தி மசிச்சிப் போடும்மா.'"