நீயே சொல்லு

யாழினியை மீட்டுத் தரும்படி அவள் அப்பா போட்ட மனு விசாரணைக்கு வந்தது. இந்தப் பக்கம் அவரும் சொந்தக்காரர்களும், அந்தப் பக்கம் அவள் காதலித்தவனும் அவன் வீட்டாரும். வக்கீல்களைக் கையமர்த்திவிட்டு நீதிபதி அவளைப் பார்த்தார்.

"நீ மேஜர்ம்மா. யாரோட போகணும்னு நீயே சொல்லு."

யாழினி இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள்.

"ரெண்டு வீட்டுக்கும் போகலைங்க. ஹாஸ்டல்ல இருந்து படிக்கறேனுங்க."

"சரி, போ."

போலீஸ்காரர்கூட ஒதுங்கி வழிவிட்டார். கடைசி பெஞ்சில் அம்மா பாவாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ சொன்னதும் விட்டுட்டாங்களே!"

"எந்திரி, போலாம்" என்று கணவர் வந்து நின்றார்.

"நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வாரனுங்க."

அடுத்த வழக்கில் யாரோ ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். 'நீயே சொல்லு' என்று தன்னையும் கேட்பாரோ என்பதுபோல், பாவாத்தாள் கண்ணிமைக்காமல் நீதிபதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.