துணிமேல் வைத்த நூல்

“அம்மா, பிக்குவைப் பெண்கள் தொடக் கூடாது!” என்று புத்தர் கோயில் வழிகாட்டி பதறினான்.

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். இளம் பிக்கு நிமிர்ந்து பார்க்காமல், மந்திரித்த நூலைத் துணியின்மேல் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

“ஒரே ஒரு தடவை தொட்டுக்கிறேனே, தம்பி. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

“என் வேலைக்கு உலை வைக்காதீங்கம்மா. நூல்தான் கிடைச்சுதே, பிள்ளைங்க கையில கட்டிவிடுங்க.”

“ஒரே பையன்தான்.”

“கூட்டிட்டு வந்திருக்கலாமே? இந்தக் காலத்துப் பசங்க கோயிலுன்னா எங்க வராங்க!”

வாசலில் செருப்பை மாட்டியபடி, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னாள்: “எனக்கு முன்னாடியே வந்துட்டான், தம்பி. இப்போ நூல் கொடுத்தானே...”

நிறுத்தினாள். திருத்திக்கொண்டாள்.

“கொடுத்தாரே.”