ஏரிக்கரை பங்களா பெஞ்சு

"குடுத்தவங்களே நேர்ல வரணும்னு சொன்னியே சார், இதோ இட்டுகினு வந்துட்டேன். இப்பவாவது பெஞ்ச எடுத்துக்கலாமா?"

மூன்று சக்கர மீன்பாடி வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்த பூபாலன் கத்தினான். அவன் பின்னால் அவன் அண்ணி ராஜகுமாரி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் இருக்கும் அந்த வெள்ளைக்காரன் காலத்து பங்களா இப்போது அருங்காட்சியகம். ஏரியைக் கவனித்துக்கொண்ட இஞ்சினியர் துரை குடும்பத்தோடு வாழ்ந்த வீடு. அதற்கு இன்றைய பொறுப்பாளர் நிர்மல். கரூரிலிருந்து வந்து பக்கத்து ஃப்ளாட்டில் குடியிருக்கிறான். கெட்டவன் இல்லை. ரூல்ஸ் என்று ஒன்று வந்துவிட்டால் மட்டும் எதிரே நிற்கிற மனுஷன் முகம் அவன் கண்ணுக்குத் தெரியாது.

அங்கே இருக்கிற கட்டில், மேஜை, கடிகாரம் எல்லாமே பழைய சாமான் கடையில் வாங்கிப் போட்டவை. துரை நிஜமாகவே புழங்கியது கூடத்து நடுவில் கிடக்கும் நீளமான தேக்கு பெஞ்சு ஒன்றுதான். சீமைக்குக் கிளம்பும்போது அவர் அதைச் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சமையல்காரரின் பேரனைக் கட்டியவள்தான் ராஜகுமாரி.

போன வருஷம் நிர்மல் அவள் வீட்டுக்கு நடையாய் நடந்து கேட்டான். "எடுத்துகினு போ நைனா. எனக்கு வேணும்னு கேக்கும்போது குடுத்துடணும்" என்றாள். "கண்டிப்பாம்மா!" என்று தலையைத் தலையை ஆட்டினான். மறுநாளே அவள் மகன் வெங்கட்டும் பூபாலனும் தூக்கி வந்து வைத்தார்கள். இப்போது பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. பக்கத்தில், 'துரை மாலையில் ஓய்வெடுத்த பெஞ்சு' என்று ஒரு போர்டு.

இன்று காலையில் பூபாலன் தனியாக வந்தபோது செக்யூரிட்டி கஜபதி நிர்மலைப் போனில் பிடித்துக் கொடுத்தான். "பெஞ்சு வேணும்" என்றதுமே, கொடுத்தவங்க நேர்ல வரட்டும் என்று சொல்லி வைத்துவிட்டான் நிர்மல். முழுசாகக் கேட்கக்கூட இல்லை, புண்ணியவான்.

"இன்னிக்கு டிரஸ்ட் தலைவர் வர்றாரும்மா. இந்த பெஞ்சைப் பார்க்கத்தான் வர்றார். இன்னிக்குப் போய்க் கேக்கறீங்களே!" என்றான் நிர்மல்.

"இன்னிக்கிதான் வேணும் நைனா. சாய்ங்காலம் தொடச்சி அனுப்பிடறேன்."

ஏரிக்கு அந்தப் பக்கம் மேளம் கேட்டது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நிர்மலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓ, கூழ் ஊத்தறீங்களா? அண்டா வைக்க இதுதானா கிடைச்சுது? வாடகைக்கு ஒரு டேபிள் எடுக்கலாம்ல?"

"யோவ், இன்னா பேசற நீ?" என்று பூபாலன் துள்ளினான். ராஜகுமாரி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். "நீ கம்முனு இரு, நான் பேசறேன்." பூபாலனுக்குக் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. காலங்காத்தாலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று நிர்மல் முகத்தைச் சுளித்தான்.

"உட்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?"

"ஒண்ணும் வேணாம்."

"சரி, இது மேல தண்ணி கிண்ணி படுமா?"

பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வராது. "படும். கொடம் கொடமா ஊத்துவாங்க."

"அய்யய்யோ! நூறு வருஷத்து மரம்மா. போன மாசம்தான் பூச்சி மருந்து வச்சுப் பாலிஷ் போட்டோம். ஒரு சொட்டு படக்கூடாது."

"நூறு வருஷமா பட்டுகினுதானே கீது" என்றாள் ராஜகுமாரி.

சொல்லிவிட்டுக் கயிற்றைத் தாண்டிக் குனிந்து பெஞ்சின் மேல் கை வைத்தாள். "ஏம்மா, தொடாதே!" என்று கஜபதி ஓடிவந்தான். அவள் கையை எடுக்கவில்லை.

"என்னம்மா இது பிடிவாதம்?" நிர்மலுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஊர்ல வேற பெஞ்சே இல்லையா? இதுதான் வேணும்னா என்ன அர்த்தம்?"

அவள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க மாமனார இது மேலதான் படுக்க வெச்சி குளிப்பாட்டனாங்க. எங்க ஊட்டுக்காரரயும் இதுலதான். எங்க ஊட்ல யாரு போனாலும் கடைசித் தண்ணி இது மேல வெச்சித்தான் ஊத்துவாங்க நைனா."

அப்போதுதான் நிர்மலுக்கு அந்த மேளம் காதில் வேறு மாதிரி விழுந்தது. சாவு வீட்டிலிருந்து ஒரு பொம்பளையை வெயிலில் வரவழைத்து, இவ்வளவு நேரம் நிற்கவைத்துச் சட்டம் பேசியிருக்கிறோமே என்று கூசிப்போனான்.

கஜபதியை எதிர்பார்க்காமல் தானே கயிற்றை அவிழ்த்தான். பூபாலனும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பெஞ்சைப் பிடித்துத் தூக்கினார்கள். வாசலில் தலைவரின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

வண்டியில் ஏற்றி முடித்ததும், எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல் ராஜகுமாரி முன்னால் வந்து நின்றான். ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டுமே என்று வாய்க்கு வந்ததைக் கேட்டான்.

"மேளமெல்லாம் பலமா கேக்குதேம்மா. வயசானவங்களா? கல்யாணச் சாவா?"

ராஜகுமாரி பெஞ்சின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"இல்ல நைனா. எனக்குன்னு வெச்சிருந்தேன். எம் புள்ள முந்திக்கினான்."