நூறு சுண்டு மாவு

கல்யாண மாவு மூட்டைக்குள் வீரய்யா கையை விட்டுக்கொண்டு நின்றதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கக்கத்தில் ஒரு பை. அதிலும் மாவு.

“அடே! எம் பொண்ணு கல்யாணத்துலயா களவெடுக்கிற?”

நோர்வூட்டிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணிக் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

வீரய்யா பக்கத்து வீட்டுக்காரன்தான். ஒன்பது வருசமாகப் பேச்சில்லை. என் ஆடு அவனுடைய நாலு லீக்ஸ் செடியைக் கடித்ததற்காக, அதைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கொண்டுபோய்க் கட்டியவன். நான் மறக்கவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கல்யாணம் என்றால் ரொட்டி மாவு வீட்டுக்கு வீடு சேரும். டின்பால் பேணியில் அளந்து கொட்டுவார்கள். ஒரு பேணி ஒரு சுண்டு.

சமையல்காரர் சுமன் முன்பே சொல்லியிருந்தார். “இருபது கிலோ வேணுங்க. கொத்மலையில ஒரு கல்யாணத்துல ரொட்டி பத்தாம, மாப்பிள்ளை வீட்டாளுங்க பாதிப் பந்தியில எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

அந்தப் பயத்தில் நானே கணக்குப் போட்டேன். கிலோவுக்கு ஐந்து சுண்டு. இருபது கிலோவுக்கு நூறு. வீரய்யாவின் பெண்சாதி மீனம்மா கொண்டுவந்ததை மட்டும், “நூறு ஆயிருச்சு, போதும்” என்று திருப்பி அனுப்பினேன். அப்போது தொண்ணூறுதான் ஆகியிருந்தது. மிச்சத்தைக் கீழ் லயத்தில் வாங்கிக்கொண்டேன்.

“வாயத் தொறந்து சொல்லுடா!” என்று மறுபடி கத்தினேன்.

வீரய்யா சம்பந்தியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“ஆமாண்ணே. வீட்டுல மாவு முடிஞ்சிருச்சு. ரெண்டு சுண்டு எடுக்கலாம்னு வந்தேன்.”

“கேட்டீங்களா சம்பந்தி? பந்திக்கு வச்ச மாவுலயே கைய வைக்கிறான்!”

யாரோ சிரித்தார்கள். வீரய்யா பையில் இருந்ததையும் மூட்டையில் கவிழ்த்துவிட்டு, குனிந்த தலையோடு போனான்.

பந்தி நன்றாக நடந்தது. சம்பந்தி மூன்றாவது ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மிச்சம்கூட இருந்தது. பெருமையோடு அடுப்படிக்குப் போனேன்.

“பாத்தீங்களா தம்பி, நம்ம கணக்க? நூறு சுண்டு, கச்சிதம்!”

சுமன் கையைத் துடைத்துக்கொண்டார். “ஐயா, கிலோவுக்கு அஞ்சு சுண்டுங்கிறது அரிசிக்கு. மாவு லேசு. எட்டு சுண்டு வேணும். காலையில தராசுல போட்டுப் பாத்தேன். பன்னெண்டரைக் கிலோதான்.”

“அப்ப எப்படிப் பத்துச்சு?”

“பக்கத்து வீட்டுக்காரரு பின்னால வெறகு பொளந்துக்கிட்டிருந்தாருங்க, யாரும் கூப்பிடாமயே. மாவு பத்தாதுன்னு நான் சொன்னதக் கேட்டு, ‘சத்தம் போடாதீங்க, சம்பந்தி காதுல விழுந்தா அண்ணன் மானம் போயிரும்’னாரு. அவங்க வீட்டு மாச மாவ நாலு நடையா கொண்டாந்து கொட்டினாரு. கடைசி நடையிலதான் நீங்க வந்தீங்க.”

ஒரு தட்டில் ரொட்டியும் கறியும் எடுத்துக்கொண்டு போய், ஒன்பது வருசம் கழித்து அந்தக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த வீரய்யாதான் முதலில் பேசினான்.

“ரொட்டி எல்லாருக்கும் பத்துச்சாண்ணே?”