வெள்ளை அணுப் பொருத்தம்

ஜாதகத்தைக் கடாசிவிட்டு ஊரே வெள்ளை அணுப் பொருத்தம் பார்க்கத் தொடங்கியதற்குக் காரணம், நோய் எதிர்ப்பு விஞ்ஞானி வண்டார்குழலி எழுதிய ஒரே ஒரு கட்டுரைதான். பாவம், அவளுடைய அணுக்களோ பிறவிச் சண்டைக்காரிகள். அந்நிய ரத்தத்தைக் கண்டால் அப்படியே முழுங்கிவிடும். பதினேழு மாப்பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ஒருவர் அந்தமான் வரை.

பதினெட்டாவதாக வந்த பூபாலனின் ரத்தத்துளியும் கண்ணாடித் தகட்டில் இரண்டே நொடியில் காலி.

"பொருத்தம் இல்லீங்க," என்று தரகர் நுண்ணோக்கியைப் பெட்டியில் வைத்தார்.

பூபாலன் எழவில்லை. "அதுங்களுக்குப் பசி போல. உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா, டாக்டர்?"

இருபது வருடமாக அணுக்களை விசாரித்தவளிடம் இதை யாரும் விசாரித்ததே இல்லை. காதுமடல் சிவந்துவிட்டது.

"தரகரே, முகூர்த்தத் தேதியைப் பாருங்க," என்றாள். "அந்தக் கட்டுரையே தப்புன்னு நாளைக்கே அச்சுல போட்டுடுறேன். எழுதினவளே நான்தானே!"